தற்காப்புக்காகக் கராத்தே கற்கப் போகிறீர்களா? சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் செய்ய வேண்டியவை

என் மகளுக்கு எட்டு வயதானபோது, திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்த கராத்தே வகுப்பில் அவளைச் சேர்த்தேன். மூன்று மாதங்கள் அவளை அழைத்துச் சென்று படிக்கட்டில் காத்திருந்த பிறகு, 36ஆம் வயதில் நானும் சேர்ந்தேன். இரண்டரை ஆண்டுகளில் இருவரும் பச்சை பெல்ட் வரை வந்தோம். பணி மாறுதலில் கோவைக்கு வந்து வேறொரு வகுப்பை அணுகியபோதுதான், எங்கள் சான்றிதழ்களை வழங்கிய அமைப்பு எந்தப் பெரிய அமைப்போடும் இணைந்ததன்று என்பதும், நாங்கள் கற்ற கட்டாக்கள் (தனியாகச் செய்து பழகும், வரிசை மாறாத அசைவுத் தொகுப்புகள்) இரண்டு பாணிகளைக் கலந்து தொகுத்தவை என்பதும் தெரிய வந்தன. இருவரும் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினோம். அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. புதிய மாஸ்டர் முதல் வாரத்திலேயே என் மணிக்கட்டைப் பிடித்து, விடுவித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டரை ஆண்டுகள் பயின்ற என்னால் அது இயலவில்லை.

எங்களுக்குப் போன பணமும் காலமும் உங்களுக்குப் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே நான் தரும் தொகைகள் திருச்சியிலும் கோவையிலும் நான் கட்டியவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

1. எதற்காகக் கற்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கராத்தே வகுப்புக்கு வருபவர்களுக்குப் பொதுவாக மூன்று நோக்கங்கள் இருக்கும்: தற்காப்பு, போட்டி, உடற்பயிற்சி. இம்மூன்றையும் ஒரே வகுப்பு ஒரே அளவில் தருவது அரிது. போட்டிக்கு வீரர்களை உருவாக்கும் இடத்தில் வேகமும் புள்ளி எடுக்கும் நுட்பமும் முதன்மை பெறும். சிறுவர்களை மாலை நேரத்தில் ஓடியாட வைக்கும் இடத்தில் வரிசையில் நின்று குத்துவதும் உதைப்பதுமே பெரும்பகுதியாக இருக்கும். தற்காப்புதான் உங்கள் நோக்கம் என்றால், அதைச் சேரும் நாளிலேயே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, கராத்தே என்றாலே தற்காப்புதான் என்று எண்ணியிருந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பயின்றாலும், ஒருவர் உங்கள்மீது கை வைக்கும்போது உடல் தானாகச் செயல்படும் நிலைக்கு வர ஓராண்டாவது ஆகும். யாரேனும் உங்களைப் பின்தொடர்கிறார், மிரட்டுகிறார் என்ற அவசர நிலையில் இருப்பவர்கள் கராத்தேயை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 112க்கும், பெண்கள் 181க்கும், குழந்தைகள் தொடர்பாக 1098க்கும் உடனே அழைக்க வேண்டும். வகுப்பில் அதன் பிறகு சேரலாம்.

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படிப்பவளாக இருந்தால், எங்கும் பணம் கட்டுவதற்கு முன் தலைமையாசிரியரைச் சந்தியுங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் 6ஆம் வகுப்பு முதல் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. மூன்று மாதங்களில் முழுமையான தேர்ச்சி வந்துவிடாது என்றாலும், குழந்தைக்கு இதில் நாட்டம் உண்டா என்று செலவில்லாமல் அறிந்துகொள்ள அது நல்ல வழி.

2. மூன்று வகுப்புகளைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்

வீட்டுக்கு அருகில் இருப்பதே முதல் தகுதி என்று நினைத்து நான் முடிவெடுத்தேன். தூரம் முக்கியந்தான், அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் மூன்றாம் மாதத்தில் வருகை குறைந்துவிடும். ஆனாலும் அந்த எல்லைக்குள் உள்ள இரண்டு மூன்று வகுப்புகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு முழு வகுப்பு முடியும் வரை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே இருந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் குழந்தையைச் சேர்க்காதீர்கள். இதில் எந்த விதிவிலக்கும் தேவையில்லை.

தரையைப் பாருங்கள். வெறும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஓராண்டு குதித்தால் முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலிக்கத் தொடங்கும். ரப்பர் மேட் விரித்த இடம் நல்லது. மண் தரையும் பரவாயில்லை. திறந்தவெளி மைதானம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களில் வகுப்பு எங்கே நடக்கும் என்று கேளுங்கள். எங்கள் முதல் வகுப்பில் மழைக்கால விடுப்புக்கும் மாதக் கட்டணம் வாங்கினார்கள்.

அடுத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று பயிலும் நேரம் எவ்வளவு என்று கவனியுங்கள். தற்காப்பை நாடி வருபவர் பார்க்க வேண்டிய முதன்மையான அடையாளம் இதுவே. ஒரு மணி நேரம் முழுவதும் காற்றில் குத்திவிட்டுக் கலையும் வகுப்பில், தொலைவைக் கணிக்கும் பயிற்சியும் பிடியிலிருந்து விடுபடும் பயிற்சியும் கிடைக்க வழியில்லை. ஒருவர் குத்த மற்றவர் தடுப்பது, ஒருவர் பிடிக்க மற்றவர் விடுவித்துக்கொள்வது, மெத்தைப் பலகையை ஒருவர் பிடிக்க மற்றவர் முழு விசையோடு அடிப்பது ஆகியவை ஒவ்வொரு வாரமும் நடக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, மாணவர்கள் நடத்தப்படும் முறை. தவறு செய்த சிறுவனைச் சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பது, முட்டி மடக்கி வாத்து நடை நடக்க வைப்பது, கால்களை அகல விரித்து அமர வைத்துத் தோளில் ஏறி அழுத்துவது ஆகியவற்றைக் கண்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வளரும் எலும்புகளின் முனைகள் மென்மையானவை. அங்கே ஏற்படும் காயம் வளர்ச்சியையே பாதிக்கக்கூடும். கண்டிப்பு வேறு, காயப்படுத்துவது வேறு. நல்ல மாஸ்டர்களிடம் கண்டிப்பு உண்டு, கை நீட்டும் பழக்கம் இருக்காது. உடலைத் தொட்டு நிலையைத் திருத்தும் முன் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்பதையும் பாருங்கள். பெண் குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒரு பெண் பயிற்றுநரோ மூத்த மாணவியோ இருப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

3. எந்தப் பாணி என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ ஆகிய நான்கும் உலகெங்கும் பரவலாகப் பயிலப்படும் பாணிகள். இஷின் ரியூ, கியோகுஷின் போன்றவையும் நம் ஊர்களில் உண்டு. ஷோட்டோகானில் நிற்கும் நிலைகள் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும். கோஜு ரியூவில் நெருங்கி நின்று கையாளும் முறைகள் அதிகம். கியோகுஷினில் உடலில் முழு விசையோடு அடிப்பார்கள், கையால் முகத்தில் குத்துவதற்குப் போட்டியில் அனுமதி இல்லை. தொடங்குபவருக்கு எந்தப் பாணி என்பதைவிட எந்த மாஸ்டர் என்பதே முக்கியம்.

ஆனாலும் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டர் இதுதான் என் பாணி என்று ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பாணியின் கட்டா வரிசையை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஷோட்டோகான் என்றால் ஹெயான் ஷோதான் தொடங்கி ஐந்து ஹெயான் கட்டாக்கள் வரும். கோஜு ரியூ என்றால் கெகிசாய், சான்சின், சாய்ஃபா என்று வரும். உங்களுக்குக் கற்பிக்கப்படுவது அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு அது தெரிய இரண்டரை ஆண்டுகள் ஆயின.

4. அமைப்பின் பெயரைச் சரிபாருங்கள்

வகுப்பின் பலகையில் "அரசுப் பதிவு பெற்றது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் ஏமாந்தேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எண் என்பது அந்தச் சங்கம் சட்டப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அங்கே கற்பிக்கப்படும் கராத்தேயின் தரத்தை அரசு சோதித்தது என்றோ, அந்தப் பெல்ட்டை மற்றவர்கள் ஏற்பார்கள் என்றோ அதற்குப் பொருள் இல்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு.

இந்தியாவில் இந்தக் குழப்பம் மேல்மட்டத்திலும் இருந்தது. அதுவரை நாட்டில் கராத்தேயை நிர்வகித்துவந்த தேசியச் சங்கத்தின் அங்கீகாரத்தை உலகக் கராத்தே சம்மேளனமும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் 2020இல் விலக்கிக்கொண்டன. எனவே பழைய சுவரொட்டிகளிலும் சான்றிதழ்களிலும் உள்ள பெயர்களை அப்படியே நம்பாமல், இன்று உலகச் சம்மேளனத்தின் உறுப்பினர் பட்டியலில் இந்தியாவின் சார்பில் எந்த அமைப்பு உள்ளது, அதன் மாநிலக் கிளை எது, உங்கள் மாஸ்டர் அதில் பதிவு செய்தவரா என்று மூன்று கேள்விகளாகக் கேளுங்கள். பாணி அமைப்புகள் வேறு வகை. அவற்றின் தலைமை பெரும்பாலும் ஜப்பானில் இருக்கும். அப்படிப்பட்ட அமைப்பின் பெயரைச் சொன்னால், மாஸ்டரின் டான் (கறுப்பு பெல்ட் நிலை) சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையாகத் தேறியவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

போட்டியில் ஆர்வம் இல்லாதவர், உள்ளத்துக்குப் பிடித்த நல்ல மாஸ்டர் சிறிய அமைப்பில் இருந்தால் தாராளமாக அவரிடமே கற்கலாம். அந்தப் பெல்ட் அந்த வகுப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

5. ஆவணங்கள்

சேரும் நாளில் பெரும்பாலான வகுப்புகளில் கேட்பவை: நிரப்பிய விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இரண்டு முதல் நான்கு, ஆதார் நகல், 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து. பெயரின் எழுத்துகளும் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். என் மகளின் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் அச்சாகிவிட்டதால், மாவட்டப் போட்டிக்குப் பதிவு செய்தபோது திருத்தக் கடிதம் வாங்க இரண்டு வாரங்கள் அலைந்தோம்.

ஒப்புதல் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். காயம் ஏற்பட்டால் வகுப்பு எந்தப் பொறுப்பும் ஏற்காது என்ற வரி அநேகமாக எல்லாப் படிவங்களிலும் இருக்கும். அதன் அருகிலேயே, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அருகிலுள்ள மருத்துவமனை எது, முதலில் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு போன்றவை இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். 35 வயதைக் கடந்து சேர்பவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மருத்துவரின் சம்மதத்தோடு தொடங்குவது நல்லது. போட்டிக்குப் போகும் காலத்தில் பிறப்புச் சான்றிதழின் அசலும், பள்ளியின் போனஃபைடு சான்றிதழும், மருத்துவத் தகுதிச் சான்றும் தேவைப்படும். எல்லாவற்றுக்கும் ஒரு தனிக் கோப்பு வையுங்கள். கட்டணம் கட்டிய ரசீதுகளும் அதிலேயே இருக்கட்டும்.

6. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

திருச்சியில் மாதம் ரூ.600 என்றார்கள், ஆண்டுக்கு ரூ.7,200 ஆகும் என்று நினைத்தேன். முதல் ஆண்டு முடிவில் என் மகளுக்கு மட்டும் ஆன செலவு ரூ.16,000ஐத் தாண்டியது. சேர்க்கைக் கட்டணம் ரூ.1,000, உடை ரூ.1,200, அடையாள அட்டை ரூ.300, மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட் ரூ.700 முதல் ரூ.1,000 வரை, இரண்டு முகாம்கள், இரண்டு போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணமும் பயணமும், ஆண்டு விழாவுக்குத் தனி வசூல் என்று ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

ஆகவே சேரும் முன் ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு, முகாமும் போட்டியும் கட்டாயமா, வராத மாதத்துக்குக் கட்டணம் உண்டா, பிளாக் பெல்ட் தேர்வுக்கு என்ன ஆகும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோவையில் எனக்கு இந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டே கொடுத்தார்கள். அங்கே மாதக் கட்டணம் ரூ.1,000 என்றாலும், ஆண்டுச் செலவு முந்தையதைவிடக் குறைவாகவே முடிந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் பிளாக் பெல்ட் உறுதி என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

உடையில் தொடக்கத்தில் அதிகம் செலவிடத் தேவையில்லை. மெல்லிய பருத்தி கலந்த உடையே நம் வெயிலுக்கு ஏற்றது. குழந்தைகளுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கிக் கைகளையும் கால்களையும் மடித்துத் தைத்தால் இரண்டு ஆண்டுகள் வரும். எதிரெதிர் நின்று மோதும் பயிற்சி தொடங்கும்போது பல் காப்பு, கையுறை, கணைக்கால் காப்பு ஆகியவற்றையும், ஆண்களுக்கு இடுப்புக் காப்பையும் வாங்க வேண்டும். பல் காப்பைப் பிறரோடு பகிரக் கூடாது. மற்றவை வகுப்பிலேயே பொதுவில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

7. எப்போது சேர்வது

ஏப்ரல், மே மாதக் கோடை முகாம்களில் கூட்டம் மிகும். ஒரு மாஸ்டர் அறுபது பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரங்கள் கழித்துச் சென்றால் அதில் பாதிப் பேர் நின்றிருப்பார்கள், கவனிப்பும் கிடைக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அவசரம் வேண்டாம். பெரியவர்கள், வாரத்துக்கு இரண்டு நாளாவது தவறாமல் வர முடியும் என்ற உறுதி வந்த மாதத்தில் சேருங்கள்.

8. முதல் ஆறு மாதங்களில் உடலைக் காத்துக்கொள்ளுங்கள்

பெரியவர்கள் வகுப்பை விட்டு நிற்பதற்கு ஒரு காரணம் முழங்கால் வலி. முன்காலை மடக்கி நிற்கும் நீண்ட நிலையில் முழங்கால் உள்நோக்கிச் சரியாமல், பாதத்தின் விரல்கள் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு தாழ்வாக நிற்கிறோம் என்பது முதல் ஆண்டில் முக்கியமில்லை. திரும்பும்போது பாதத்தைத் தரையில் ஊன்றியபடி முழங்காலை மட்டும் திருகக் கூடாது; பாதமும் சேர்ந்து சுழல வேண்டும். காற்றில் முழு வேகத்தில் குத்தியும் உதைத்தும் முழங்கையையும் முழங்காலையும் சொடுக்கி நிறுத்துவதும் மூட்டைப் புண்ணாக்கும். கை கால்கள் முழுதாக நீளும் முன்பே திரும்பி வரட்டும்.

முன்னுதையில் விரல்களைப் பின்னோக்கி மடக்கி, பாதத்தின் முன்பந்தால் அடிக்கப் பழகுங்கள். விரல்களை நீட்டியபடி பலகையில் உதைத்து என் கால் விரல் வீங்கி, நான்கு வாரங்கள் ஓய்வில் இருந்தேன். உடல் சூடேறும் முன் கால்களை இழுத்து விரிக்க வேண்டாம். மெல்ல ஓடி, கை கால்களை அசைத்துச் சுழற்றிய பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை வகுப்பின் முடிவில் செய்யுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ தலைச்சுற்றலோ வந்தால், அன்று பயிற்சி முடிந்துவிட்டது. மாஸ்டர் தொடரச் சொன்னாலும் மருத்துவரைப் பார்க்கச் செல்லுங்கள்.

9. பெல்ட் டெஸ்ட்டை நீங்கள் தீர்மானியுங்கள்

வெள்ளைக்குப் பின் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்பது பொதுவான வரிசை. சில பாணிகளில் நிறங்கள் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வு வைத்து, கட்டணம் கட்டிய எல்லோருக்கும் அடுத்த நிறத்தைக் கொடுக்கும் வகுப்பில் பெல்ட் என்பது ரசீதாகிவிடுகிறது. தேர்வில் யாராவது தோற்றிருக்கிறார்களா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். ஒருவரும் தோற்றதில்லை என்றால் அது தேர்வாகாது.

தயார் இல்லை என்று தோன்றினால் இந்த முறை எழுதவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லிப் பாருங்கள், நல்ல மாஸ்டர் உங்களை மதிப்பார். ஒழுங்காக வந்து பயில்பவருக்குக் கறுப்பு பெல்ட்டுக்கு நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆவது இயல்பு. ஒன்றரை ஆண்டில் தருகிறோம் என்பவர்கள் துணியைத்தான் தருகிறார்கள்.

10. தற்காப்பைத் தனியாகக் கேட்டுப் பெறுங்கள்

நான் மிகவும் தாமதமாக அறிந்துகொண்டது இதைத்தான். கராத்தேயின் அடிப்படைப் பயிற்சியும் போட்டிப் பயிற்சியும் தற்காப்புக்கு வேண்டிய உடலை உருவாக்கித் தரும்; அந்த உடலைத் தெருவில் பயன்படுத்தும் முறையை அவை தாமாகக் கற்றுத்தராது. அதை மாஸ்டரிடம் கேட்க வேண்டும், வாரத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்க வேண்டும்.

சில வேறுபாடுகளைச் சொல்கிறேன். அடிப்படைப் பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுத்து வைக்கிறோம். நிஜமான கைகலப்பில் கையை வெறுமனே இடுப்பில் வைத்திருந்தால் முகம் திறந்து கிடக்கும். உண்மையில் அந்த இழுக்கும் கை, எதிரியின் கையையோ சட்டையையோ பிடித்து அவனை நிலைகுலைய இழுப்பதற்கானது. இப்படி ஒவ்வொரு அசைவின் பயனையும் பிரித்து விளக்குவதைப் புன்காய் என்பார்கள். கட்டாவில் ஓர் அசைவைக் காட்டி, இதை யார் என்ன செய்யும்போது பயன்படுத்துவது என்று மாஸ்டரிடம் கேளுங்கள். ஒருவரை நிறுத்தி அவர்மீது செய்து காட்டினால், சரியான இடத்தில் இருக்கிறீர்கள். "அது அப்படித்தான்" என்று பதில் வந்தால், அங்கே தற்காப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

போட்டியில் தலைக்கு உதைத்தால் மூன்று புள்ளிகள், கையால் குத்தினால் ஒரு புள்ளி. அடி பட்டதும் நடுவர் நிறுத்துவார், இருவரும் விலகுவார்கள். இதையே ஆண்டுக்கணக்கில் பயின்றவர், வெளியிலும் ஓர் அடி அடித்துவிட்டு அனிச்சையாக நின்றுவிடக்கூடும். தலை உயரத்துக்கு உதைப்பது ரப்பர் மேட் மீது கராத்தே உடையில் அழகாக இருக்கும். புடவையிலோ இறுக்கமான ஜீன்ஸிலோ, செருப்புக் காலோடு ஈரத் தரையில் நின்று அதைச் செய்ய முயன்றால் விழுவோம். முழங்காலுக்குக் கீழே உதைப்பதும், மிக நெருக்கத்தில் முழங்காலாலும் முழங்கையாலும் இடிப்பதுமே நமக்கு உதவும்.

முஷ்டியால் முகத்தில் குத்துவதில் ஓர் அபாயம் உண்டு. மண்டை எலும்பு கடினமானது. பழக்கமில்லாத கை அதில் மோதும்போது சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு முறிவது சாதாரணமாக நடப்பது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ தாடையையோ நோக்கி அடிக்கும் முறையைத் தனியாகப் பயிலுங்கள். முறிந்த கையோடு கைப்பேசியை எடுத்து உதவிக்கு அழைப்பதும் கடினம்.

மணிக்கட்டுப் பிடியைப் பற்றி: பிடித்தவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே அந்தப் பிடியின் பலவீனம். கையைப் பின்னோக்கி வெறுமனே இழுத்தால் அவர் பலத்தோடு நம் பலம் மோதும். முழங்கையை அவர் பக்கம் வளைத்து, ஓரடி நெருங்கி, கட்டைவிரல் திறக்கும் திசையில் கையைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். கோவையில் இதை நான் கற்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. தடுமாறாமல் செய்ய மூன்று மாதங்கள் ஆயின. என்னைவிட எடையும் உயரமும் அதிகமான ஆண் மாணவரோடு, விட்டுக்கொடுக்காமல் பிடிக்கச் சொல்லிப் பயின்றேன். தோழியோடு மட்டும் பயின்று, அவர் மெல்லப் பிடிக்க நாம் எளிதாக விடுவித்துக்கொள்வது பொய்யான துணிவைத் தரும்.

மாதத்தில் ஒரு நாளாவது அன்றாட உடையில், தோளில் பையோடு, செருப்பு அணிந்து பயில அனுமதி கேளுங்கள். வாய்விட்டுக் கத்தப் பழகுங்கள். வகுப்பில் போடும் கியாய் ஓசைக்குக் கூச்சப்படுபவர்கள், ஆபத்தில் குரல் வராமல் உறைந்துபோவார்கள். நான் அப்படி உறைந்ததுண்டு. பேருந்தில் ஒருவன் தவறாக நடந்தபோது வாய் திறக்கவே முடியவில்லை. இன்று என் மகளால் ஓர் அறையையே அதிரவைக்க முடிகிறது, "தள்ளி நில்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. குத்தும் உதையும் வருவதற்கு முன்பே கராத்தே அவளுக்குத் தந்த பாதுகாப்பு இது.

கத்தி வைத்திருப்பவரிடமோ, இரண்டு மூன்று பேரிடமோ நகைக்காகவும் கைப்பேசிக்காகவும் சண்டையிட வேண்டாம். கொடுத்துவிட்டு ஓடுங்கள். ஒரே அசைவில் கத்தியைப் பறிப்பதாகச் செய்து காட்டும் மேடை நிகழ்ச்சிகளை நம்பிக் குழந்தைகள் மனத்தில் தவறான எண்ணம் பதிந்துவிடுகிறது. அதை வீட்டில் பேசித் திருத்துங்கள்.

11. சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடாது என்பதும், காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை கிடையாது என்பதும் 37ஆம் பிரிவில் உள்ளன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்முறைக்கோ, ஆசிட் வீச்சுக்கோ அஞ்ச வேண்டிய தாக்குதல்களில் இந்த உரிமை மிகவும் விரிந்தது. அதை 38ஆம் பிரிவு கூறுகிறது. விழுந்து கிடப்பவனை மேலும் உதைப்பதும், ஓடுபவனைத் துரத்தி அடிப்பதும் தற்காப்பில் சேராது. கறுப்பு பெல்ட் பெற்றவர்கள் தங்கள் கைகளைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லப்படுவது உண்மையில்லை. அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது.

12. போட்டி, விளையாட்டு ஒதுக்கீடு, சாதனை நிகழ்ச்சிகள்

கராத்தே 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பாரிஸ் 2024இல் இல்லை, லாஸ் ஏஞ்சலிஸ் 2028 பட்டியலிலும் இல்லை. ஆசிய விளையாட்டில் இருக்கிறது. "ஒலிம்பிக்குக்கு அனுப்புவோம்" என்று விளம்பரம் செய்யும் வகுப்பைக் கேள்வி கேளுங்கள். கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் உதவும் என்று சேர்ப்பவர்கள், அந்த ஆண்டின் அறிவிக்கையில் உள்ள விளையாட்டுப் பட்டியலில் கராத்தே இருக்கிறதா, எந்த நிலைப் போட்டியின் சான்றிதழை எந்தப் படிவத்தில் கேட்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தனியார் நடத்தும் "சர்வதேச" கோப்பைகளில் பங்கேற்ற எல்லோருக்கும் பதக்கம் கிடைக்கும். அந்தச் சான்றிதழ்களை அங்கே ஏற்க மாட்டார்கள்.

நூற்றுக்கணக்கான சிறுவர்களை வெயிலில் நிறுத்தி ஒரே கட்டாவைச் செய்ய வைத்து, ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் சான்றிதழுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் நிகழ்ச்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓடுகளை அடுக்கித் தலையால் உடைக்க வைப்பதும், கைகளின்மீது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதும் பயிற்சியல்ல. அதற்குக் குழந்தையை அனுப்ப மறுத்ததற்காகத் திருச்சியில் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அப்போதே விலகியிருக்க வேண்டும்.

13. ஊரை விட்டுப் போகும்போது

வகுப்பு மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே மாஸ்டரிடம் சொல்லி, நான்கு தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள்: எல்லா பெல்ட் சான்றிதழ்களின் அசல்கள், அமைப்பின் உறுப்பினர் அட்டை, நீங்கள் கற்ற கட்டாக்களின் பெயர்களும் கடைசித் தேர்வின் தேதியும் எழுதி அவர் கையொப்பமிட்ட கடிதம், நிலுவை எதுவும் இல்லை என்ற குறிப்பு. அதே பாணியின் அதே அமைப்பைச் சேர்ந்த வகுப்பு புதிய ஊரில் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்; பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். புதிய இடத்தில் ஒரு மாதம் வெள்ளை பெல்ட்டோடு பயிலச் சொன்னால் மனம் தளராமல் ஒப்புக்கொள்ளுங்கள். என் மகளுக்கு அந்த ஒரு மாதம் பதினான்கு மாதங்களாக நீண்டது. சென்ற டிசம்பரில் பச்சை பெல்ட்டை இரண்டாம் முறை கட்டிக்கொண்டாள், அதற்கு முந்தைய தேர்வில் அவள் தோற்றிருந்தாள்.